கூரைப்புடவைப் பெட்டியும் கார் என்ஜினும்

என் தங்கையின் கல்யாணம் என்றாலே முதலில் என் கண்ணில் நிற்பது மணமேடை அல்ல; அம்பத்தூர் ஏரிக்கரையில் ஆவி கக்கிக்கொண்டு நின்ற வாடகைக் கார்தான். இன்றைக்கு அந்த இடத்தில் காரை நிறுத்தவே இடமில்லை. அன்று வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காரைப் பார்ப்பதே அதிசயம். பெண்ணின் அண்ணன் போய் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, வேப்பம்பட்டிலிருந்து எங்கள் ஊர் கொரட்டூருக்கு விடியற்காலையில் ஜம்மென்று கிளம்பினோம். பாதி வழியில் இப்படி. இந்த முகூர்த்தம் தவறினால் ஆடி பிறந்துவிடும், கல்யாணம் தள்ளிப்போகும்.

டிரைவர் மாட்டுவண்டி தேடி ஓடினார். மாப்பிள்ளை மோட்டார் ஷெட்டில் வேலை பார்ப்பவர். எட்டிப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். என்ஜின் தலைமேல், சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டுக்கு ஓர் இரும்பு மூடி. அதன் அடியில் கசியாமல் இருக்க வைத்திருந்த காகிதப் பேக்கிங் கிழிந்து, தண்ணீரெல்லாம் அந்த வழியாக ஒழுகியிருந்தது. அவர் இறங்கப் போனார். அவருடைய அம்மா விடவில்லை.

"காப்பு கட்டின கையால இரும்பத் தொடுவியா? குந்துடா உள்ள!"

ஆக, வேலை தெரிந்தவர் மாலையும் கழுத்துமாக உள்ளே. ஸ்பானரைப் பிடிக்கவே தெரியாத நான் வெளியே. சூடு ஆறியதும் மூடியைக் கழற்றினேன். "பழைய காயிதத்த சுத்தமா சொரண்டு மச்சான். துணுக்கு கீதுன்னா மறுபடி ஒயுகும்" என்றார் ஜன்னல் வழியாக. சுரண்டியாயிற்று. புது பேக்கிங்குக்கு அட்டை வேண்டுமே? எங்கள் இருவர் கண்களும், தாலி கட்டும்போது பெண் உடுத்த அவர்கள் கொண்டுவந்த கூரைப்புடவையின் அட்டைப் பெட்டிமேல் போயின. மாப்பிள்ளையின் அம்மா அதை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

"பொட்டி போனா போவுதும்மா, பொண்ணு வோணும்ல?" என்றார் மகன். அதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்துபோனது.

பெட்டியின் அட்டையைக் கிழித்து, மூடியில் வைத்துத் தட்டினேன். விளிம்பு அச்சாக விழுந்தது. வெட்டியெடுத்து, சீர்த்தட்டில் இருந்த சோப்பை இருபுறமும் தேய்த்து வைத்தேன். அவசரத்தில் இரண்டு போல்ட்டில் ஒன்றை மட்டும் முழுக்க முறுக்கிவிட்டேன். ஏரித் தண்ணீரை ஊற்றினால் மறுபக்கம் சொட்டுகிறது!

"ரெண்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு மச்சான். இன்னா அவசரம்? கண்ணாலம் எனக்குத்தானே!"

தளர்த்தி, அவர் சொன்னபடியே முறுக்கினேன். சொட்டு நின்றது. நான் போட்ட கூச்சலில் ஏரியின் கொக்கெல்லாம் பறந்துவிட்டன; வண்டி தேடிப் போன டிரைவரும் ஓடி வந்து காரைக் கிளப்பினார்.

எங்கள் வீட்டு வாசலில் மேளம் முழங்கியது. பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். என் கையிலோ முழங்கை வரை கறுப்பு மசகு. சொம்பைத் தொடத் தயங்கி நின்றேன். மாப்பிள்ளை தானே அதை எடுத்து, என் இரண்டு கைகளிலும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டார்.

"மொதல்ல நீ மச்சான். அப்பால நானு."

கதவுக்குப் பின்னாலிருந்து என் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். தாலி ஏறுவதற்கு முன்பே அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.