ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்த கன்ட்ரோலர்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பலகை ஏறியபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். ஏற்றியவர் மாமா, அம்மாவின் தம்பி. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியவர், இனி சோலார் தொழில்தான் என்று முடிவுகட்டி, முதல் பரீட்சையை எங்கள் வீட்டிலேயே வைத்தார். ஆரியங்கோட்டில் ஒருவர் தன் கோழிப்பண்ணை முழுக்கச் சோலார் போட ஆசைப்பட்டார். ஆனால் முதலில் உங்கள் அக்காள் வீட்டில் ஒழுங்காக ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைக்காவிட்டால் மாமா மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

பலகையிலிருந்து வரும் மின்சாரத்தைப் பார்த்துப் பார்த்து பேட்டரிக்குள் விடும் சின்னப் பெட்டிக்கு கன்ட்ரோலர் என்று பெயர். சார்ஜ் ஏறினால் அதில் பச்சை எரியும், பேட்டரி காலியென்றால் சிவப்பு. எங்கள் வீட்டில் சிவப்பு குடியேறிவிட்டது. மழை இருட்டிக் கரண்ட் போனதும் மாமாவின் பல்புகள் கொஞ்சநேரம் மினுங்கி அணையும். உடனே அப்பா அம்மாவைப் பார்ப்பார். மாமாவை நேரில் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் அம்மாவிடம்தான், “உனக்க தம்பி” என்று தொடங்கும். அம்மா மெழுகுவத்தி தேடுவாள். அன்றைக்குப் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள்.

மாமா பகலெல்லாம் நெய்யாற்றின்கரையில் வயரிங் வேலை பார்த்துவிட்டு அந்தியில் வருவார். ஃபியூஸை மாற்றினார். பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினார். பேட்டரிக்குள் தண்ணீர் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், பச்சையும் எரியும். ஞாயிறு முழுக்க நல்ல பிள்ளையாக இருந்த பெட்டி திங்களன்று தன் குணத்தைக் காட்டும். களியிக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் வாங்கிய சாதனம் இங்கத்த மழைக்குச் செல்லாது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். மாமா பெட்டியையே மாற்றினார். புதுப்பெட்டியும் சிவந்தது.

அப்படியிருக்க ஒரு ஹர்த்தால் வந்தது. பஸ் இல்லை, கடை இல்லை, எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. மாமா உச்சி வெயிலில் நடந்தே வந்துவிட்டார். ஹர்த்தாலுக்கு ரப்பர் மரம் கட்டுப்படாது என்பதால் அப்பா காலையிலேயே பால் வெட்டி, அதை உறையவைத்து ஷீட்டாக அடித்து முடித்து, சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமாவும் நானும் மாடி ஏறினோம்.

பலகை தெரியவே இல்லை. அதன்மேல் ஈர ரப்பர் ஷீட்டுகள் வரிசையாக விரித்துக் கிடந்தன. பலகை சாய்வாக இருக்கிறது, நீர் வடியும். சூடாக இருக்கிறது, சீக்கிரம் காயும். அப்பாவுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? வெயிலில் ஓடும் சாதனம் சூட்டில்தான் ஓடுகிறது என்று அப்பா நம்பியிருந்தார். ஷீட் மூடினால் சூடு வெளியே போகாது, மாமாவுக்கும் உதவியாயிற்று என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தார். நானும் நம்பினேன். அந்தியில் மாமா வருமுன் ஷீட்டெல்லாம் மீதி ஈரம் காய அடுக்களைப் புகைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பால்வெட்டு கிடையாது.

மாமா அப்படியே உட்கார்ந்து, வேட்டி நுனியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஷீட்டுகளை எடுத்து, பலகைக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி அதில் தொங்கவிட்டார். கீழே வந்து பார்த்தால் பெட்டியில் பச்சை. சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். நான் “ஷீட்டு” என்று வாயைத் திறந்தேன். மாமா என் தோளை அழுத்தினார்.

“அத்தான் சொன்னதாக்கும் சரி. எல்லாம் கன்ட்ரோலருக்க கோளாறு. இப்பம் சரியாக்கியாச்சு. மேல ஒரு கயிறும் கெட்டியிருக்கேன், ஷீட்டு இனி அதில போட்டா காத்துக்குச் சடுதியில காயும்.”

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் அப்போதே சொன்னேன் இல்லையா என்று வீடெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் டீ கேட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று மாமாவைக் கிணற்றடியில் மடக்கினேன்.

மாமா உதட்டில் விரல் வைத்தார். “மிண்டாதே மக்களே. நான் வந்துட்டுப் போறவன். உனக்க அம்மை இஞ்ச இருக்கப்பட்டவளாக்கும்.”

அம்மா இங்கே இருப்பது எனக்குத் தெரியாதா? அதற்கும் கன்ட்ரோலருக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவுக்குப் பயந்த கோழை என்று தீர்மானித்து மாமாவோடு காய் விட்டேன்.

அடுத்த வாரம் கோழிப்பண்ணைக்காரர் வந்தார். மாமாவைப் பேசவே விடாமல் அப்பாவே அவரை மாடிக்கும் பெட்டிக்கும் கூட்டிப்போனார்.

“எனக்க மச்சினன் வச்சதாக்கும். கோளாறு வந்தப்பம் கண்டுபிடிச்சது நான்.”

வந்தவர் வேலையை மாமாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு பல்பு எரிந்ததற்கா இவ்வளவு என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.