சூயஸும் நிலாவாரையும்

விருதுநகர், 1956 நவம்பர். சிவகாசி பஸ் வர நேரமிருப்பதால், தெரிந்த வியாபாரி ஒருவரின் கிட்டங்கியில் உட்கார்ந்திருக்கிறேன். மருந்துக்காகச் சீமைக்குப் போகும் நிலாவாரை இலை, கூரைவரை மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து தந்தி வருகிறது: சூயஸ் கால்வாய் அடைபட்டுவிட்டது, லோடு அனுப்ப வேண்டாம்.

இலை பொறுக்கிக்கொண்டிருந்த செல்லத்தாயி நிமிர்கிறாள். “எங்கனயோ சண்டைன்னா நம்ம சரக்கு ஏன் மொதலாளி நிக்கணும்?”

வியாபாரி தரையில் கிடக்கும் இலைத்தூளில் விரலால் ஒரு கோடு இழுக்கிறார். “இதான் கால்வாய். வெள்ளைக்காரனுக்குப் பெட்ரோல் வாரதே இந்த வழிதான். எகிப்துக்காரன் இது என்னோடதுன்னுட்டான். அதுக்குத்தான் ஏரோப்பிளேன்ல வந்து குண்டு போடுறாக.”

“இம்புட்டுச் சந்துக்கா?”

“அதுல போற சரக்குக்கு.”

அவளோடு நானும் குனிந்து பார்க்கிறேன். பேப்பரில் நீதி, நியாயம் என்று பத்தி பத்தியாகப் படித்த போர், இங்கே ஒரு விரல் அகலத்தில் கிடக்கிறது. இந்த மானாவாரிக் காட்டில் முளைத்த இலையைக்கூட அது பிடித்து நிறுத்திவிட்டதே!

“அப்ப நாளைக்கு நான் வர வேண்டாமா?” என்கிறாள் செல்லத்தாயி.

அவர் தந்தியை மெதுவாக மடிக்கிறார்.

“வா தாயி. கப்பல் போற வரைக்கும் மிளகாக் காம்பு கிள்ளலாம்.”