கோஷா வீட்டு மாடியை வானத்திலிருந்து எடுத்த படம்

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. என் கைக்குக் கேமரா வந்தது ஊர் வழக்கத்தால்தான். தோல் வியாபாரம் செய்யும் சாயபுமார் வீடுகளில் பெண்கள் கோஷா. படம் எடுத்துக்கொள்ள அவர்களுக்கும் ஆசை இருக்காதா? அந்நிய ஆண் முன்னால் நிற்கமாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்து அந்த வீடுகளுக்கு அனுப்பினார். நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள். கேமராவுக்குப் பின்னால் நின்றால் மட்டும் கூச்சம் கொஞ்சம் விலகும். எடுத்த படங்களை அந்தப் பெண்கள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கூடத்துக்கு ஆண்கள் வந்து போவதால் சுவரில் மாட்ட முடியாது.

முப்பதுகளில் ஒரு கோடை. ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் ஏரோப்ளேன் ஒன்று எங்கள் பக்கம் வந்து, வற்றிக் கிடந்த ஏரியில் இறங்கியது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தோல் பதனிடும் டேனரிகளில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரரும் ஏறிப் போய்ப் படம் எடுத்து வந்தார். நான் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அது தரையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் குதிகாலும் தானாகத் தூக்கிக்கொண்டது.

பெரிய டேனரிக்கார சாயபு ஒருவரின் மனைவி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் பீபிம்மா என்று கூப்பிடுவேன். போனதும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏம்மா, நாளைக்குக் காலையில எங்களுக்குன்னு தனியா ஏரோப்ளேன் பேசியாச்சு. பொம்பளைங்க மட்டும். நீ வந்து மேலேருந்து எங்க வீட்டுப் படம் எடுக்கணும்."

"வீட்டையா, பீபிம்மா?"

"வீடு யாருக்கு வேணும்? மாடியில என் பொண்ணுங்களும் மருமகளுங்களும் நிப்பாங்க. அவ்வளவு ஒசரத்துலேருந்து எடுத்தா மூஞ்சி தெரியாதில்ல? அப்ப கூடத்துல மாட்டலாம். அங்க மாமனார் படம் இருக்கு, பசங்க படம் இருக்கு, குதிரைக்குக்கூட படம் இருக்கு. என் பொண்ணுங்களுக்கு இல்ல."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி வீட்டுக்காரர் கைக்கேமராவில் புதுச் சுருள் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஜன்னல் சட்டத்துல கேமராவ சாச்சுடாத. மிஷின் ஆடுற ஆட்டம் படத்துல வந்துடும். முழங்கைய ஒடம்போட ஒட்டி வை. முன்னால மடிப்பு மடிப்பா இருக்குதே, அந்தத் துருத்திய வெளிய நீட்டாத, காத்து பிச்சுக்கும்."

"றெக்கை மறைக்காதா?"

"மறைக்கும். திரும்புறப்போ மிஷின் ஒரு பக்கமா சாயும். அப்ப கீழ இருக்கறது நேரா ஜன்னலுக்கு வரும். அந்த நேரம் பாத்து அமுத்து."

"நீங்களே வந்துடுங்களேன்."

"வர்றேன். ஒரு துப்பட்டி இருந்தா குடு, போத்திக்கினு வர்றேன்."

அந்த ஏரோப்ளேன் கோஷாவுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. முன்னால் மூடிய அறை, அதில்தான் ஆட்கள் உட்காரவேண்டும். ஓட்டுகிற வெள்ளைக்காரர் பின்னால் உயரத்தில் தனியாகத் திறந்தவெளியில் இருப்பார். இரண்டுக்கும் நடுவே கையகலத்தில் ஒரு ஜன்னல். பீபிம்மா ஏறியதும் முதல் காரியமாக அந்த ஜன்னலில் ஒரு துணியைச் செருகினார். அவருடைய நாத்தனாரும் கூட வந்தார். உட்கார்ந்த நிமிஷமே கண்ணை மூடித் தொழுகை வார்த்தைகளை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

மிஷின் உறுமியது. ஏரித்தரை கடகடவென்று ஓடியது. திடீரென்று அந்தக் கடகடப்பு நின்றது. கீழே பார்த்தேன். பனைமரங்கள் விரித்த குடைகளாகத் தெரிந்தன. பாலாறு முழுக்க மணல், நடுவில் நூல் மாதிரி தண்ணீர். டேனரி முற்றங்களில் காயப்போட்ட தோல்கள் வெற்றிலை பரப்பினது போல வரிசை வரிசையாகக் கிடந்தன. அந்த உயரத்திலும் தோல் ஊறும் ஆவாரம்பட்டை வாசம் ஒரு தரம் மூக்கில் அடித்துவிட்டுப் போனது. எனக்குப் பயம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

பீபிம்மா என் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். "அதோ ஏலகிரி மலை, எடு. ரயில் போவுது பாரு, சின்னப் பூரான் மாதிரி, எடு. எங்க டேனரி, அதையும் எடு."

"பீபிம்மா, படம் தீந்துடும்."

"ஜாஸ்தி பேசாத, எடு."

ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்து, சாய்கிற நேரம் பார்த்து அமுக்கினேன். சுருளில் ஒரே ஒரு படம் மிச்சமிருக்கும்போது அவர்கள் வீடு வந்தது.

மாடியில் ஒரு பெண்கூட இல்லை. ஒரு பெரிய வெள்ளைத் துணிதான் இருந்தது.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்று மாடியைச் சுற்றித் திரை கட்டச் சொல்லியிருந்தார் பீபிம்மா. வீட்டில் இருந்த பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள்: மேலே வருகிறவனும் ஆண்தானே? அதனால் தலைக்கு மேலேயும் பந்தல் மாதிரி பெரிய வெள்ளை விரிப்பை இழுத்துக் கட்டிவிட்டார்கள். பெண்கள் எல்லாம் நல்ல புடவை உடுத்திக்கொண்டு, துணிக்கு அடியில் போட்டோவுக்கு அசையாமல் நின்றிருந்தார்கள்.

"இன்னா பேஜாரு இது" என்றார் பீபிம்மா. முகம் சுருங்கிப்போனது.

நான் அமுக்கவில்லை. அப்போது துணியின் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. அதற்கடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என் சின்னவதான், அடங்கமாட்டா. இன்னொரு சுத்து வந்தா இழுத்துடுவா. வெள்ளைக்காரன்கிட்ட சொல்லும்மா."

"நானா?"

"நானா சொல்ல முடியும்?"

நாத்தனார் கண்ணைத் திறக்காமலே அண்ணியிடம் சொன்னார். "வேணாம் பாபி, எறங்கிடலாம். சொர்க்கத்துக்குப் பக்கமாதான் வந்துட்டோம், போதும்."

மிஷின் ஏரிப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தது. அந்நிய ஆண் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதிலும் வெள்ளைக்காரர். பீபிம்மா துப்பட்டியை முழுசாக இழுத்து மூடிக்கொண்டு, நாத்தனார் தலைமேலும் போட்டார். நான் திரும்பி, முட்டிபோட்டு, ஜன்னல் துணியை உருவினேன். கண்ணாடி மாட்டிய ஒரு சிவந்த முகம் என்னைக் குனிந்து பார்த்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டேன். பிறகு கேமராவைத் தூக்கிக் காட்டினேன். பிறகு கீழே காட்டினேன். இவ்வளவும் செய்தவள் நான்தானா என்று இருந்தது. அவர் பல் தெரியச் சிரித்துக் கட்டைவிரலை நிமிர்த்தினார். அடுத்த கணமே மிஷின் சாய்ந்து, முன்னைவிடத் தாழ்வாக வந்தது.

பீபிம்மா ஜன்னலைத் திறந்து, சிவப்பு முந்தானையைக் கையோடு வெளியே நீட்டி ஆட்டினார்.

"பாபி, கை தெரியுது" என்று கத்தினார் நாத்தனார்.

"தெரியட்டும். அவங்களுக்குத் தெரியத்தான்."

மாடியில் துணி ஒரு பக்கமாகச் சரிந்தது. யாரோ இழுத்தார்கள், இன்னும் யாரோ கூடச் சேர்ந்து இழுத்தார்கள். மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லி வைத்ததெல்லாம் மறந்துபோய், எல்லாரும் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். முழங்கையை உடம்போடு ஒட்டினேன். றெக்கை இறங்கியது, வீடு நேராக ஜன்னலுக்கு வந்தது. அமுக்கினேன்.

அன்று சாயங்காலமே கழுவினோம். இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்தில் வீட்டுக்காரர் சுருளைத் தூக்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஆடல" என்றார் கடைசியில். "ஒரு கோடுகூட ஆடல. நான் எடுத்ததுல பாதி ஆடிப்போச்சு தெரியுமா?"

பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர் எடுத்துப்போய்க் கூடத்தில் சாயபுவிடம் கொடுத்தார். நான் உள்கட்டில், திரைக்கு இந்தப் பக்கம் பீபிம்மாவோடும் பெண்களோடும் நின்றேன்.  சாயபு படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோவது திரை வழியாக நிழலாகத் தெரிந்தது.

"நம்ம வீடு" என்றார். "மாடியில யாரோ குதிக்கிறாங்களே. யாரு இது? ஒருத்தர் மூஞ்சியும் தெரியலையே."

"தெரியலைன்னா மாட்டலாமில்ல?" என்றார் பீபிம்மா திரைக்குள்ளிருந்து.

 அந்தப் பக்கம் சாயபு சிரிப்பது கேட்டது. ஆணியும் சுத்தியும் கொண்டுவரச் சொன்னார். முதல் அடி விழுந்ததும் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பீபிம்மா குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, இன்னும் கொஞ்சம் மேலயே மாட்டட்டும். கண்ணாடி போட்டுக்கினு கிட்ட போய்ப் பாக்கறவங்களும் வருவாங்க."