கிருஷாந்தியின் சமன்பாடு

பன்விலவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள் கிருஷாந்தி. வயது முப்பத்து நான்கு. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று கண்டியில் டாக்டர் சொல்லிவிட்டார். தூக்காமல் எப்படிச் சாப்பிடுவது? தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் சித்தியாகியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் இன்ஷிரா டீச்சரின் வகுப்பு. வளைவுகளில் பஸ் குலுக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போய்க் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் டீச்சர் பலகையில் தராசு வரைந்தார். இடது தட்டில் ஒரே நிறையுள்ள மூன்று பைகள், கூடவே இரண்டு கிலோ. வலது தட்டில் பதினேழு கிலோ. ஒரு பையின் நிறை தெரியாது; அதற்கு x என்று பெயர் வைத்து, 3x + 2 = 17 என்று எழுதினார்.

கிருஷாந்தி எழுந்து போய் இடது பக்கத்து இரண்டை அழித்தாள். பதினேழைத் தொடவில்லை.

"அந்தப் பக்கமும் ரெண்டக் கழிக்கணுமே."

"அங்க எதுக்குங்க டீச்சர்? கொழுந்து நிறுக்கையில சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கழிக்கிறதெல்லாம் நம்ம பக்கத்துல மட்டுந்தானே."

பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "இங்க அப்படி இல்ல. ஒரு பக்கம் எடுத்தா மத்தப் பக்கமும் எடுக்கணும். இல்லாட்டி தராசு சரிஞ்சிடும்."

பதினேழு பதினைந்தானது. ஒரு பை ஐந்து கிலோ. மூவைந்து பதினைந்து, இரண்டு சேர்த்தால் பதினேழு, சரியாக வந்தது. அவள் பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.

திரும்பி வரும்போது, "அக்கா, அந்த டீச்சரக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

"வந்தா மோகனராஜ் கங்காணி அவங்களையும் தராசுல நிறுத்து மூணு கிலோ கழிச்சிருவாரு."

அன்றிலிருந்து அது அவளுக்கு விரதம் மாதிரி ஆகிவிட்டது. விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒத்து வந்தால்தான் அடுத்த கணக்குக்குப் போவாள்.

பரீட்சை அன்று கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பரீட்சை மண்டப வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவளின் முகம் வெளுத்திருந்தது. அடைப்புக்குறி போட்ட சமன்பாடு ஒன்று. விடையைப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் பதினொன்று, மறுபக்கம் ஒன்பது. அழித்து அழித்து எழுதியிருக்கிறாள். மணி அடித்தபோது பின்னால் நான்கு பக்கம் வெறுமையாகக் கிடந்ததாம்.

"அத விட்டுட்டு மத்ததச் செஞ்சிருக்கலாமே, புள்ள."

"ஒத்து வரலன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிக்கா விட்டுட்டுப் போறது?"

கணக்குக்கு W வந்தது, சித்தியில்லை. பிள்ளைக்காம்பராவுக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். நிறைந்த சாக்கைத் தலையில் ஏற்றிவிடக் கூப்பிட்டாள். பாதியை என் சாக்கில் கொட்டிக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"தூக்கிவிடுக்கா, நேரமாச்சு."

முருகா என்று சொல்லித் தூக்கிவிட்டேன். படி இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் அவள் முனகுவது எனக்கு முன்னால் கேட்டுக்கொண்டே போனது.