வெயில் முதுகில் பட நடந்தவர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லின்ஃபீல்டில் ஒரு மத்தியானம், வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட் போட்ட பெரியவர் ஒருவர் பால் போத்தலோடு தெருவில் நின்று தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் புதுவீட்டில் பால் காய்ச்ச வேண்டும், நல்ல நேரம் முடியப்போகிறது என்றார்.

"வழி தெரியேல்லையோ ஐயா?"

"எனக்கா? வீடு வடக்கே, தம்பி. வெயில் முதுகுல பட நடந்தா வடக்கு."

அவர் அமெரிக்காவின் நடுவில் ஒரு சோளக்காட்டு ஊரில் நெடுங்காலம் இருந்தவர். அந்த ஊரை ஆதியில் சங்கிலி பிடித்து அளந்து, வயலையும் தெருவையும் திசை பார்த்துச் சதுரம் சதுரமாகப் போட்டார்களாம். அதனால் அங்கே எதற்கும் இடம் வலம் சொல்லாமல் திசைதான் சொல்வார்களாம்.

"வீட்லகூட, சட்னியைக் கொஞ்சம் கிழக்கே தள்ளுன்னுதான் சொல்வேன்."

அங்கே மத்தியான வெயில் தெற்கிலிருந்து விழும், பூமியின் தென்பாதியிலுள்ள இங்கே வடக்கிலிருந்து. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். விட்டுப் போகவும் மனமில்லாமல் பின்னால் நடந்தேன். தெரு முடிந்து கடல் வந்தது.

அவர் கடலையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ஊர்ல சூரியனைத் தப்பான பக்கம் வெச்சிருக்காங்களே."

"ஓம் ஐயா. இனி வெயில் முகத்திலை பட நடப்பம்."

நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். வீடு நிறைய ஆட்கள். பால் பொங்கி ஒரு பக்கமாக வழிந்தது. கிழக்கே வழிந்தால் வீட்டுக்கு நல்லது.

"எந்தப் பக்கம்ப்பா?" என்றாள் மகள்.

அவர் ஜன்னல் வெயிலைப் பார்த்துத் தயங்கினார். "தம்பி சொல்வார்."

அவ்வளவு பேர் முன்னால் நான் வாய் திறந்ததேயில்லை.

"கிழக்கு," என்றேன்.

"சரியா கிழக்கு," என்று அவர் எல்லோருக்கும் அறிவித்தார்.

எழுதி முடித்தது ஆடி முதலாம் நாள்.