தேன் முத்திரை ஒட்டிய நெய்

எழுபதுகளில் என் தங்கையைத் தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மாசமாக இருந்தபோது, அக்காவான நான் பழனிசெட்டிபட்டியிலிருந்து எங்கள் எருமை நெய்யை மாதம் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் மாமியார் அதை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்து, "வனஸ்பதி வாடை வருதே ஆத்தா" என்பார். பாட்டில் நேராகச் சாமி விளக்குக்குப் போய்விடும். தங்கைக்கு ஒரு சொட்டுக் கிடைக்காது. எங்கள் நெய்யில் சாமிதான் தேறிக்கொண்டிருந்தார்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சம்.

அந்த அம்மாவுக்கு அக்மார்க் முத்திரை இருந்தால் போதும். "கவுருமெண்டே ருசி பாத்துட்டுத்தான் ஒட்டுறாக" என்பார்.

எங்கள் வீட்டில் காலியான தேன் பாட்டில் ஒன்றில் அந்த முத்திரைச் சீட்டு இருந்தது. எனக்குப் படிக்க வராத இங்கிலீஷ் எழுத்து, ஒரு நம்பர். தபால்தலை மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டுதான் என்று நினைத்தேன். வெந்நீரில் ஊறவைத்து உரித்து, சோற்றுப் பசை தடவி நெய் பாட்டிலில் ஒட்டினேன். தப்பு என்று தெரியும். அவசரத்தில் கோணலாக ஒட்டிக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா மூடியைத் திறக்காமலே, "இதுதாம் நெய்யி" என்று மெச்சினார். அவர் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார்.

"இதுல தேன்னுல்ல போட்டிருக்கு?"

அந்த அம்மா அசரவில்லை. "தேனாட்டம் இருக்குன்னு போட்டிருப்பாக. ஒங்களுக்கு எதுலயும் குத்தம் பாக்கணும்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் நெய்யை யாரோ ஒரு ஆபீசரின் நெய்யாக்கி அவர் புகழ்வது பொறுக்கவில்லை.

"சீட்டுதான் அத்தை பொய்யி. நெய்யி நெசம். எங்க எருமை நெய்யிதான்."

"வாயில்லாத புள்ளன்னு நெனச்சேன். கவுருமெண்டையே ஏமாத்திப்புட்டாளே!" என்றார் அந்த அம்மா. பாட்டிலைத் திறந்து, வீட்டுக்காரரின் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றினார். "மொதல்ல நீங்க தின்னுங்க."

அவர் பிசைந்து தின்றார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். அந்த அம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் என் தங்கையின் தட்டில் ஊற்றினார்.

எனக்கும் ஊற்ற வந்தார். கூச்சத்தில் வேண்டாம் என்றேன்.

"ஏன், நீயே திங்க மாட்டியாக்கும்?" என்றார்.

மூன்று கரண்டி வாங்கித் தின்றேன்.