கமலாவின் பாவாடை நூல்

என் மருமகள் கல்லூரியில் துணிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அதற்காக ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, வைத்துப் பார்க்க நூல் கேட்டாள். குங்குமச் சிமிழில் பத்திரமாக இருந்த ரோஸ் நூலைக் கொடுத்தேன்.

அந்த நூல் என் கைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். அனந்தபுரத்துச் சித்தப்பா மகள் கமலா, செஞ்சித் திருவிழாவுக்கு ரோஸ் பட்டுப்பாவாடையில் வந்தாள். நடந்தால் சரசரவென்றது. எனக்குக் கஞ்சி மணக்கும் மலிவுச் சீட்டித் துணிப் பாவாடை.

"தொடாதடி, கை அழுக்கு! பட்டு கெட்டுப்பூடும்" என்றாள் கமலா.

மத்தியானம் அவள் தூங்கும்போது பாவாடை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினேன். எரித்தால் மயிர் கருகும் வாசனை வந்தால்தான் பட்டு என்று அம்மா சொல்வாள். அடுப்படிவரை போனேன். நிஜப் பட்டாகவே இருந்துவிட்டால்? பயந்து எரிக்காமல் ஒளித்து வைத்தேன்.

இப்போது மருமகள் அந்த நூலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். "இன்னா அத்தை, இது பட்டே இல்ல, நைலான். கண்ணாடிக் கம்பி மாதிரி ஒரே சீரா இருக்குது, பாருங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கமலாவுக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குமுன் ஒருமுறை குனிந்து பார்த்தேன். நூல் ரோஸாக மினுமினுத்தது.

போன் போடவில்லை. நைலானோ என்னவோ, அதை உடுத்திச் சரசரவென்று நடந்தவள் அவள்தானே; எனக்கு அதுகூட இல்லை.